நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்பது: யார் கையில் ஒப்படைப்பது?

"டிரைவிங் ஸ்கூலில் சேரட்டுமா, இல்லை அவரையே கற்றுக்கொடுக்கச் சொல்லட்டுமா?" என்று எதிர்வீட்டுப் பெண் போன வாரம் கேட்டார். அவருக்கு வயது 49. கணவருக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை இரவே பஸ் ஏறிவிடுவார். கார் வாசலில் தூசி படிந்து நிற்கிறது. மாமியாருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்குக் காத்திருந்து, அந்த அம்மாவைத் தாங்கிப் பிடித்து ஏற்றி, திரும்பும்போது களைத்துப் போனவரை மறுபடியும் ஏற்றி இறக்க வேண்டும். கார் ஓட்டுவது அவருக்கு ஆசை அல்ல, தேவை.

நான் மதுரையில் கார் ஓட்டக் கற்றபோது எனக்கு வயது 43. அதற்குப் பிறகு என் தங்கை, என் அண்ணி, என்னோடு வேலை பார்த்த ஒருவர் என்று மூன்று பேருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். மூவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். மூவரும் வெவ்வேறு வழியில் கற்றவர்கள். எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் பத்து மணி நேரம், பக்கத்தில் இருப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிற வண்டியில் ஓட்ட வேண்டும். அதற்குப் பின் இருபது முப்பது மணி நேரம், சொந்த வண்டியில், குரல் உயர்த்தாத ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். முதல் பகுதியை வீட்டில் யாராலும் தர முடியாது. இரண்டாவது பகுதியை டிரைவிங் ஸ்கூல் தருவதில்லை. ஆகவே இது பள்ளியா வீடா என்ற கேள்வியே அல்ல. எது முதலில் என்பதுதான் கேள்வி.

பதினெட்டு வயதுப் பையன் ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது அவனுக்கு விபத்து என்பது செய்தித்தாளில் வருவது. நாற்பத்தைந்து வயதில் உட்காருகிறவர் எத்தனையோ பேரை மருத்துவமனையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். சைக்கிளில் வரும் ஒரு பள்ளிப் பிள்ளையைக் கண்டாலே அவர் கால் பிரேக்குக்குப் போகிறது. இதைப் பயந்த சுபாவம் என்று ஒதுக்குகிறவர்கள் தவறாகக் கணிக்கிறார்கள். இந்த எச்சரிக்கை உணர்வு நல்ல ஓட்டுநருக்கு வேண்டியது. பெரியவர்கள் அதைக் கையோடு கொண்டுவருகிறார்கள். அவர்களிடம் இல்லாதது கைப்பழக்கமும் கால்பழக்கமும் மட்டுமே. அது திட்டி வருவதில்லை, எண்ணிக்கையால் வருகிறது. இன்னொரு சாதகமும் உண்டு. பெரியவர்களுக்குக் காரணம் சொன்னால் புரியும். கிளட்ச் என்பது இரண்டு தட்டுகள், மிதித்தால் பிரிகின்றன, விட்டால் ஒட்டுகின்றன, பாதி விட்டால் உரசிக்கொண்டே ஒட்டப் பார்க்கின்றன என்று காகிதத்தில் வரைந்து காட்டியபோது என் தங்கை சொன்னாள்: "இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் இத்தனை நாள் மிதிப்பதையும் விடுவதையும் மனப்பாடம் செய்திருக்க மாட்டேன், அக்கா."

இப்போது ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

டிரைவிங் ஸ்கூலின் பெரிய பலம் அந்த இரண்டாவது பிரேக்தான். உரிமம் பெற்ற பள்ளியின் பயிற்சிக் கார்களில் மாஸ்டர் பக்கத்திலிருந்தும் வண்டியை நிறுத்தும் வசதி இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. இதன் பயன் பாதுகாப்பு மட்டுமல்ல. பக்கத்தில் இருப்பவருக்குப் பயம் இல்லை என்பதால் அவர் கத்துவதில்லை. அவர் கத்தாததால் கற்பவருக்குக் காது திறந்திருக்கிறது. வண்டி தடுமாறினால் மாஸ்டர் காலை அழுத்துகிறார், வண்டி நிற்கிறது, "மறுபடியும் முதல் கியர் போடுங்கள்" என்கிறார். இதே தடுமாற்றம் வீட்டுக் காரில் நடந்தால் ஒரு வாரம் பேச்சாக இருக்கும்.

அதே விதிகள், சொந்த உபயோகக் கார் ஓட்டக் கற்பவருக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது என்றும், அதில் கையில் வண்டி ஓடும் நேரம் பத்து மணிக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கின்றன. இருபத்தொரு நாள், தினம் அரை மணி நேரம் என்றால் கணக்கு சரியாக வரும். ஆனால் நான் சேர்ந்த இடத்தில் ஒரு வண்டியில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போவார்கள். என் முறை வரும்போது பன்னிரண்டு பதினைந்து நிமிடம் கிடைக்கும். மற்ற நேரம் பின்னால் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு பாடம் உண்டு என்று மாஸ்டர் சொன்னார், கொஞ்சம் உண்மைதான். ஆனால் என் இடது கால் பின் இருக்கையில் எதையும் கற்கவில்லை. இருபத்தொரு நாள் முடிந்தபோது நான் உண்மையில் ஓட்டியது ஐந்து மணி நேரம்கூட இருக்காது. ஆகவே பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை நாள்?" அல்ல. "வண்டியில் எத்தனை பேர் வருவார்கள், ஸ்டீயரிங் என் கையில் எத்தனை நிமிடம் இருக்கும்?" என்று கேளுங்கள். தனியாக வேண்டும் என்றால் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுங்கள். இந்தச் செலவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இரண்டாவது கேள்வி, மாஸ்டரின் கால்களைப் பற்றியது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இரட்டை பெடல் இருப்பதால் அவர் நமக்குத் தெரியாமலே நம்மோடு சேர்ந்து ஓட்டுகிறார். நாம் கிளட்சை வேகமாக விட்டால் அவர் மெல்லப் பிடித்துக்கொள்கிறார். வளைவில் நாம் பிரேக்கை மறந்தால் அவர் தொட்டுவிடுகிறார். வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது, நமக்கு ஓட்ட வந்துவிட்டது என்று தோன்றுகிறது. பிறகு சொந்தக் காரில் ஏறினால் வாசலிலேயே மூன்று முறை ஆஃப் ஆகிறது. என் அண்ணிக்கு இதுதான் நடந்தது. பயிற்சி முடித்து உரிமமும் வாங்கியவர், முதல் நாள் வீட்டுக் காரைத் தெருமுனை வரை கொண்டுபோக முடியாமல் சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தனக்குத் திறமை இல்லை என்றே முடிவு கட்டிவிட்டார். குறை அவரிடம் இல்லை. அதுவரை கிளட்ச் அவர் கால் ஒன்றில் மட்டும் இருந்ததே இல்லை. ஆகவே பத்தாவது வகுப்புக்குப் பிறகு மாஸ்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்: "இன்றைக்கு உங்கள் காலைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள், ஆபத்து என்றால் மட்டும் வையுங்கள்." நல்ல மாஸ்டர் இந்த வேண்டுகோளைக் கேட்டு மகிழ்வார்.

இன்னொன்று. சில இடங்களில் பயிற்சியை உரிமத்தோடு சேர்த்து ஒரே தொகையாகப் பேசுவார்கள். தேர்வுத் தடத்தில் வளைத்து ஓட்டுவதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து, அது கைவந்ததும் அனுப்பிவிடுவார்கள். ரிவர்ஸ் எடுத்து ஓர் இடுக்கில் நிறுத்துவது, மேட்டில் நின்று கிளம்புவது இரண்டும் தேர்வுக்கான விதியிலேயே இருக்கின்றன. ஆனால் நான் பார்த்த வரையில் மிகக் குறைவாகச் சொல்லிக்கொடுக்கப்படுவதும் இவைதான். இவ்விரண்டும் பாடத்தில் இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.

வீட்டில் கற்பதைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் நான் அங்கேதான் தொடங்கினேன். எனக்கு 41 வயதில், என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னை ரிங் ரோட்டுக்கு அழைத்துப் போனார். வாகனம் குறைவாக இருக்கும் என்று நினைத்தார். எனக்கு இரண்டாவது கியர் போடுவதற்குள் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் என் கையின் மேல் கை வைத்து ஸ்டீயரிங்கை இடது பக்கம் இழுத்தார். வண்டி மண்ணில் இறங்கி நின்றது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் நான் அடுத்த இரண்டு ஆண்டு அந்த இருக்கையில் உட்காரவில்லை. அவர் கெட்ட ஆசிரியர் என்று சொல்ல மாட்டேன். அவர் பதறியதற்குக் காரணம் இருந்தது. அவர் காலடியில் பிரேக் இல்லை. பிரேக் இல்லாதவருக்கு மிஞ்சுவது குரலும் கையும்தான்.

நன்றாக ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இருபது ஆண்டு ஓட்டியவருக்குத் தன் இடது கால் என்ன செய்கிறது என்று தெரியாது. "கிளட்சை மெதுவாக விடு" என்பார். எவ்வளவு மெதுவாக? எந்த இடம் வரை? அதை அவரால் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் அதை யோசித்துச் செய்வதில்லை. நான் பக்கத்தில் உட்காரும்போது முதல் அரை மணி நேரம் ஆக்சிலரேட்டரைத் தொடவே விடமாட்டேன். சமதரை, முதல் கியர், இடது கால் மட்டும். குதிகாலைத் தரையில் ஊன்றி, கிளட்சை விரல் விரலாக மேலே விட வேண்டும். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் தடிக்கும், வண்டி லேசாகச் சிலிர்க்கும். அங்கே காலை நிறுத்தி இரண்டு எண்ண வேண்டும். அதுதான் ஹாஃப் கிளட்ச். பெட்ரோல் காரும் சமதரையில் ஆக்சிலரேட்டர் இல்லாமலே நகரத் தொடங்கும். நகர்ந்ததும் மீண்டும் கிளட்சை மிதித்து பிரேக் போட்டு நிறுத்த வேண்டும். இதை முப்பது முறை. சலிப்பாக இருக்கும். ஆனால் முப்பதாவது முறைக்குப் பிறகு "ஆஃப் ஆகிவிடுமோ" என்ற பயம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அந்தப் பயம் குறைந்த பிறகுதான் கண் சாலையைப் பார்க்கத் தொடங்குகிறது.

கணவரைவிட மகனோ மகளோ நல்ல துணை என்பது என் அனுபவம். அம்மாவிடம் பிள்ளைகள் கோபப்பட்டாலும் அடுத்த நிமிடம் இறங்கி வந்துவிடுகிறார்கள். அவர்களுடைய ஒரே குறை வேகம். அவர்களும் கற்று ஓரிரு ஆண்டுதான் ஆகியிருக்கும் என்றால் அந்த இருக்கைக்கு அவர்கள் வேண்டாம்.

வீட்டாரின் உண்மையான இடம் பள்ளிக்குப் பிறகு வருகிறது. அங்கே அவர்களுக்கு ஈடு யாரும் இல்லை. காலை ஐந்தரை மணிக்குக் கட்டணமில்லாமல் எழுந்து வருவார்கள். நாம் தினமும் போக வேண்டிய பாதை அவர்களுக்குத் தெரியும். முக்கியமாக, வண்டி நம்முடையது. வண்டியின் அகல நீளக் கணிப்பை டிரைவர்கள் ஜட்ஜ்மென்ட் என்பார்கள். பள்ளிக் காரில் பழகிய ஜட்ஜ்மென்ட் வீட்டுக் காருக்கு அப்படியே பொருந்தாது. ஓட்டுநர் வலது பக்கம் உட்காருவதால் இடது பக்கச் சக்கரம் எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதே இல்லை. புதியவர்கள் நிறுத்தி வைத்த பைக்குகளை இடிப்பதும், அதற்குப் பயந்து சாலையின் நடுவிலேயே போவதும் இதனால்தான். இதற்கு நான் செய்வது எளிது. ஆளில்லாத மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு நேர்க்கோடு போட்டு, இடது சக்கரம் இரண்டும் அதன் மேல் நிற்கும்படி வண்டியை நானே நிறுத்துவேன். பிறகு கற்பவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, அந்தக் கோடு முன்கண்ணாடியில் எந்த இடத்தில் வந்து முட்டுகிறது என்று பார்க்கச் சொல்வேன். அந்த இடத்தில் சிறு டேப் ஒன்று ஒட்டிவிடுவேன். இரண்டு வாரத்தில் டேப்பை எடுத்துவிடலாம், கண் பழகியிருக்கும். இருக்கையின் உயரத்தை மாற்றினால் அந்த இடமும் மாறும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. உயரம் குறைந்தவர்கள் கடினமான மெத்தை ஒன்றை இருக்கையில் போட்டு, எப்போதும் அதன் மேலேயே ஓட்டட்டும். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டவர்கள், கீழே ஸ்பீடோமீட்டரும் தூரத்துச் சாலையும் ஒரே கண்ணாடியில் தெளிவாகத் தெரிகிறதா என்று வண்டி நிற்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த வயதில் கண்ணாடியையே மாற்ற வேண்டியிருந்தது.

பக்கத்தில் உட்காரும் வீட்டாருக்கு நான் வைக்கும் நிபந்தனை, திருப்பம் வருவதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்பது. "அடுத்த மருந்துக்கடை தாண்டி இடது பக்கம்" என்பது உதவி. "இங்கேதான், இங்கேதான்!" என்பது ஆபத்து. தவறு நடந்தால் அதைப் பற்றி ஓடும் வண்டியில் பேசக் கூடாது. ஓரமாக நிறுத்தி, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்த பிறகு பேச வேண்டும். மோதப் போகிறது என்றால் தவிர ஸ்டீயரிங்கில் கை வைக்கக் கூடாது. இரண்டு இருக்கைக்கும் நடுவே நெம்புகோல் போல இருக்கும் ஹேண்ட் பிரேக்தான் அவருக்குள்ள ஒரே கருவி. மெதுவான வேகத்தில் அதை இழுத்து வண்டியை நிறுத்த முடியும். வேகமாகப் போகும்போது சட்டென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். புதிய கார்கள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் வெறும் பொத்தானாக வருகிறது. அப்படிப்பட்ட காரில், பள்ளிப் பயிற்சி முழுதாக முடியாதவரை நான் ஏற்ற மாட்டேன்.

மூன்றாவது வழி, ஆக்டிங் டிரைவர். நாள் கணக்கிலோ மணிக் கணக்கிலோ வரும் ஓட்டுநரைப் பக்கத்தில் உட்கார வைத்து நம் காரை நாமே ஓட்டுவது. பலர் இதையே முதல் வழியாக எடுத்துக்கொள்கிறார்கள்: பள்ளியைவிட நெகிழ்வு, கணவரைவிடப் பொறுமை. நான் இதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். அவர் காலடியிலும் பிரேக் இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு ஓட்டக் கற்றுக்கொடுக்க உரிமம் பெற்ற பள்ளிக்குத்தான் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் பள்ளி முடிந்து, உரிமமும் கைக்கு வந்த பிறகு, ஆக்டிங் டிரைவரைப் போன்ற துணை வேறில்லை. அப்போது அவர் ஆசிரியர் அல்லர், வழித்துணை. என் தங்கை அப்படித்தான் கற்றாள். அவள் கணவர் வெளிநாட்டில் இருந்தார். வாரம் மூன்று நாள், காலையில் இரண்டு மணி நேரம், ஐம்பத்தெட்டு வயதான ஒரு டிரைவர் வருவார். முப்பது ஆண்டு வேன் ஓட்டியவர். பேசவே மாட்டார். "அக்கா, கண்ணாடி" என்பார். பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். ஆறு வாரத்தில் அவள் காளவாசல் சந்திப்பைப் பகல் நேரத்தில் கடந்தாள். அந்த ஆறு வாரத்துக்கு அவள் கொடுத்த கூலி, ஒரு பக்கக் கதவை நசுக்கி நிமிர்த்தும் செலவைவிடக் குறைவு.

இதில் தேர்ந்தெடுக்கும் ஆள் முக்கியம். இளைஞர்களைவிட வயதானவர்கள் நல்லது. வாடகை வண்டி வேகத்தில் ஓட்டிப் பழகியவர்கள், "இந்த இடைவெளியில் போய்விடலாம்" என்று அவசரப்படுத்துவார்கள். முதல் நாள் அவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். சந்திப்பில் அவர் எப்படிக் காத்திருக்கிறார் என்பதைப் பார்த்தால் போதும்.

நான்காவது வழியாகக் கார் நிறுவனங்களின் பெயரில் நடக்கும் பயிற்சிப் பள்ளிகளும், அரசின் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களும் இருக்கின்றன. முன்னதில் சிமுலேட்டரில் உட்கார வைத்துப் பெடல்களைப் பழக்குவார்கள். வகுப்பறைப் பாடமும் உண்டு. கட்டணம் அதிகம், ஒழுங்கும் அதிகம். சாலையில் இறங்கவே நடுங்குகிறவர்களுக்கு சிமுலேட்டர் உண்மையிலேயே உதவுகிறது. என்னோடு வேலை பார்த்தவர் அப்படிப்பட்டவர்தான். அங்கீகரிக்கப்பட்ட மையங்களுக்கான விதி 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. காருக்கு 29 மணி நேரப் பாடம். அதில் 21 மணி நேரம் செய்முறை. முடித்துச் சான்றிதழ் வாங்கினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை. இருபத்தொரு மணி நேரம் என்பது சாதாரணப் பள்ளியின் குறைந்தபட்சத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். உங்கள் ஊரில் போய்வரும் தூரத்தில் அப்படி ஒரு மையம் இருந்தால், வேறு எதையும் யோசிக்காமல் அங்கே சேருங்கள்.

இதற்கு நடுவில் எல்லோரும் கேட்பது: கியர் வண்டியா, ஆட்டோமேடிக்கா? 2014-இல் மாருதி செலேரியோ, கிளட்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி.யோடு வந்த பிறகு, கிளட்ச் பெடல் இல்லாத கார் நடுத்தரக் குடும்பத்தின் விலைக்கு இறங்கியது. உரிமத்தில் இரண்டும் ஒன்றுதான். பைக்கைப் போலக் கியர் உள்ளது, இல்லாதது என்ற பிரிவு காருக்கு இல்லை. கற்கும் முதல் பத்து மணி நேரத்தில் பாதியைக் கிளட்ச் தின்றுவிடுகிறது என்பது உண்மை. ஆட்டோமேடிக்கில் அந்தப் பாதியும் சாலையைப் பார்ப்பதற்குக் கிடைக்கும். ஐம்பதைத் தாண்டியவர், முழங்கால் வலி உள்ளவர், புதிதாகக் கார் வாங்கப் போகிறவர், இவர்களில் யாராக இருந்தாலும் தயங்காமல் ஆட்டோமேடிக் வாங்கிக் கற்கலாம். அது குறுக்கு வழி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஆனால் வாசலில் நிற்பது கியர் கார் என்றால், பத்து நாள் கூடுதலாகக் கஷ்டப்பட்டு அதையே கற்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆட்டோமேடிக்கில் கற்றுவிட்டு இதை ஓட்ட முடியாது.

ஆட்டோமேடிக்கில் வேறொரு ஆபத்து இருக்கிறது. பிரேக்கை விட்டதும் வண்டி தானாக நகரும். அதற்குப் பதறி பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிப்பவர்கள் இருக்கிறார்கள்; சுவரை இடித்து நிற்பது இப்படித்தான். இடது காலை மடக்கிப் பின்னால் வைத்துவிட்டு, இரண்டு பெடலுக்கும் வலது காலையே பயன்படுத்த வேண்டும். குதிகால் பிரேக்குக்கு நேராக ஊன்றியிருக்க, பாதம் மட்டும் திரும்ப வேண்டும். சில ஏ.எம்.டி. வண்டிகள் மேட்டில் பிரேக்கை விட்டால் பின்னால் உருளும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சட்டப்படி வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த வழியில் கற்றாலும் முதலில் எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் வாங்க வேண்டும். 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் மருத்துவரிடம் 1-ஏ படிவத்தில் சான்றிதழ் பெற வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஓட்டக் கூடாது. முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. வீட்டுக் காரில் பழகுகிறவர்கள் இதை அலட்சியம் செய்வதைப் பார்க்கிறேன். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் இந்த விதியை மீறாமல் ஓட்டினால் கார் இன்சூரன்ஸ் செல்லுபடியாகும் என்றுதான் பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லாமலோ எல் போர்டு இல்லாமலோ விபத்து நடந்தால், இழப்பீடு தரும் நேரத்தில் அந்த வரியைத்தான் எடுத்து வைப்பார்கள். எல் போர்டு வெட்கப்பட வேண்டிய பொருள் அல்ல. அதைப் பார்த்துப் பின்னால் வருபவர் பத்து அடி தள்ளி வருகிறார் என்றால் அதுவே பெரிய உதவி.

எங்கே பழகுவது என்பதில் பலர் ரிங் ரோட்டுக்குப் போகிறார்கள். வேண்டாம், அங்கே கூட்டம் இல்லை, ஆனால் வேகம் இருக்கிறது. கூட்டம் உள்ள மெதுவான சாலையைவிட, வெறிச்சோடிய வேகமான சாலைதான் புதியவருக்கு ஆபத்து. நத்தம் சாலை மேம்பாலம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நான்காவது கியரில் சீராகப் போய்ப் பழக நல்ல இடம். ஆனால் நடுவில் ஓரங்கட்டி மூச்சு வாங்க முடியாது, ஆகவே இருபது மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தெப்பக்குளத்தைச் சுற்றி நான்கு திருப்பம் கிடைக்கும் என்று விடியற்காலையில் போகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வயது அறுபதுக்கு மேல். நான் என் தங்கையை அங்கே கூட்டிப்போகவில்லை. குடியிருப்புப் பகுதியின் உள் தெருக்களில் முதல் பத்து நாள், பிறகு பள்ளிக்கூட நேரம் தவிர்த்து நடுப்பகல் நேரச் சாலைகள், பிறகு மாலை, எல்லாவற்றுக்கும் பின்னால் இரவும் மழையும். நெரிசல் மிகுந்த மாசி வீதிகள் கடைசியாக இருக்கட்டும்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும். அது பெரிய முதல். சாலையில் யார் எப்போது குறுக்கே வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஸ்கூட்டர் நுழையும் இடைவெளியில் கார் நுழையாது என்பதை அவர் கண் இன்னும் ஏற்க வேண்டும். கணவர் வீட்டில் இருப்பது வாரத்தில் ஒன்றரை நாள் என்பதால் அவரை மட்டும் நம்பினால் கற்றது மறந்து, மறந்தது பயமாக மாறும். பழக்கம் தினம் வேண்டும். ஆகவே நாங்கள் முடிவு செய்தது இது: தெருவுக்குப் பக்கத்தில் உள்ள பள்ளி, பெண் மாஸ்டர், காலை ஆறரை மணி, வண்டியில் இவர் ஒருவர் மட்டும், 21 நாள். உரிமம் வந்ததும் ஆறு வாரம் ஆக்டிங் டிரைவர், அதுவும் டயாலிசிஸ் மையத்துக்குப் போகும் அதே பாதையில், ஆனால் மாமியார் இல்லாமல். கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை, ரிவர்ஸ் எடுத்து வாசலில் நிறுத்துவதை மட்டும் அவர் சொல்லிக்கொடுக்கட்டும், அதில் அவர் கைதேர்ந்தவர்.

மருத்துவச் சான்றிதழும் எல்.எல்.ஆரும் வந்துவிட்டன. திங்கட்கிழமை முதல் வகுப்பு. என் காரில் இருந்த இரண்டு எல் போர்டுகளையும், தங்கை உட்கார்ந்து ஓட்டிய மெத்தையையும் நேற்று மாலை அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மெத்தையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பின் சீட்டுக்கு எனக்கும் ஒன்று கிடைக்குமா?" என்று கேட்டார்.